இருபது பாக வேலி

ஆனையிறவு தாண்டி லொறியில் வந்து இறங்கியபோது நாங்கள் பன்னிரண்டு குடும்பம். எல்லாரும் ஒரே ஊர், ஒரே கோயில். விசுவமடுப் பக்கம் அரசாங்கம் காடு வெட்டிக் காணி தந்தது. யானைக்கும் பாம்புக்கும் நடுவில் தனியே என்ன செய்வது? அடுப்புக்கு நெருப்பு எடுப்பதிலிருந்து பிள்ளைப்பேறு வரை ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டோம். "எங்கட ஆக்கள்" என்று சொல்லும்போதே வயிறு நிறையும். இந்த வயதிலும் அந்தச் சத்தத்துக்கு ஏங்குகிறேன், பொய் சொல்லமாட்டேன்.

எங்களுக்குப் பக்கத்து வளவில் மட்டும் வேறு ஊர்க் குடும்பம் ஒன்று. புருஷனும் பெண்சாதியும்தான். அவள் என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். காலையில் நெருப்புக்கு வருவாள், என் குசினியில் குந்தியிருந்து ஊர்க்கதை முழுக்கக் கதைத்துவிட்டுத்தான் போவாள். வாய்க்கு வாய் அக்கா, அக்கா.

ஒரு வருஷம் எங்களில் ஒருவர் வாய்க்கால் தண்ணீரை முறை தவறி எங்கள் பக்கம் வெட்டி விட்டார். அவளுடைய புருஷன் போய் தண்ணீர் முறை பார்க்கிற ஓவசியரிடம் சொல்லிவிட்டான். எங்களில் மூத்தவர் பாலை மரத்தடியில் எல்லாரையும் கூட்டினார். "அந்த வீட்டுக்கு எங்கட கை ஒண்டும் போகக் கூடாது. ரெண்டு நாளில தானா வந்து நிப்பான்" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். உண்மையில் வாய்க்காலை வெட்டியவர் என் மனுசன். அவர்தான் எல்லாரையும்விடப் பலமாக ஆட்டினார்!

விதைப்பு முடிந்தால் வேலி வேலை. முழு வயலையும் சுற்றி ஒரே வேலிதான்; அவரவர் காணிக்கு ஏற்ற பங்கை அவரவர் அடைக்க வேண்டும். முள்மரக் கிளைகளை வெட்டி இழுத்து வந்து அடுக்குகிற அலம்பல் வேலி, தனி ஆளால் ஆகாது. ஆகவே இன்று உன் பங்கு, நாளை என் பங்கு என்று எல்லாரும் சேர்ந்தே அடைப்போம். ஆண்கள் கத்தியோடு காட்டுக்குள் போக, நாங்கள் பெரிய பானையில் கஞ்சி வைப்போம். முள்ளுக் கீறாத கையில்லை, பகிடி இல்லாத நேரமில்லை.

அவளுடைய பங்கு இருபது பாகம். கை இரண்டையும் விரித்து இருபது தரம் அளந்தால் அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து அவளுடைய புருஷனுக்குக் காட்டில் கத்தி காலில் இறங்கிவிட்டது. பயிர் விரலளவு வந்துவிட்டது, பட்டி மாடுகள் காட்டோரம் திரிகின்றன.

கிணற்றடியில் எங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, அவருக்கு எழும்ப ஏலாது. வேலி அடைக்க அண்ணையை ஒரு நேரம் விடுங்கோவன்."

சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் என்ன செய்யிறது பிள்ளை? எங்கட ஆக்கள் சேர்ந்து எடுத்த முடிவு."

"நான் உங்களைத்தானே அக்கா கேட்டனான்" என்றாள். வெறும் வாளியோடு திரும்பிப் போனாள்.

ஊர் ஓடினால் ஒக்க ஓடு என்பார்கள். ஓடினேன், வேறென்ன? அன்றிரவு சோறு போடும்போது அவள் கேட்டதை மனுசனிடம் சொன்னேன். "நான் மட்டும் எப்பிடிப் போறது? மற்ற ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றார்.

மூன்றாம் நாள் விடிய மாடுகள் அந்த இருபது பாகத்துக்குள்ளால் இறங்கிவிட்டன. மாட்டுக்கு ஊர் தெரியுமா, கட்சி தெரியுமா? அவளுடைய வயலில் ஒரு பயிர் மிஞ்சவில்லை. எங்களில் நாலு வீட்டு வயலிலும் கரையோரம் போய்விட்டது.

அன்றே பன்னிரண்டு வீடும் கத்தியோடு இறங்கியது. இரக்கத்தில் அல்ல, மிச்சப் பயிருக்குப் பயந்து. மத்தியானத்துக்குள் வேலி முடிந்தது. அலம்பல் இழுத்துக்கொண்டு வரும்போது மூத்தவரின் பெண்சாதி மெல்லச் சொன்னா: "எனக்கு அண்டைக்கே மனமில்லை. நீங்கள் எல்லாரும் பேசாமல் நிண்டியள், நானும் நிண்டனான்." எனக்கும்தான், எனக்கும்தான் என்று மற்றவர்களும் தொடங்கினார்கள். கடைசியில் மூத்தவரே, "ஒருத்தர் வாய் திறந்திருந்தா நான் விட்டிருப்பன்" என்றார். அட கோதாரி! ஒருவருக்கும் விருப்பமில்லாத முடிவைப் பன்னிரண்டு வீடும் சேர்ந்தல்லவா காப்பாற்றியிருக்கிறோம்.

வேலி அடைக்க வந்தவர்களுக்கு அந்த வீட்டார் கஞ்சி கொடுப்பது வழக்கம். அன்றும் அவள் வைத்திருந்தாள். வழக்கம்போல நான் குசினிக்குள் போய் அகப்பையை எடுத்தேன். அவள் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். முகத்தில் கோபம் இல்லை.

"நீங்கள் போய் உங்கட ஆக்களோட இருங்கோ. நான் கொண்டு வாறன்."

அக்கா என்று சொல்லவில்லை. பிறகு அடுத்தடுத்த வளவில் எத்தனையோ வருஷம் இருந்தும் ஒருநாளும் சொல்லவில்லை. அன்று நான் வெளியே போய், எங்கள் ஆட்களோடு வரிசையில் இருந்து, அவள் ஊற்றிய கஞ்சியைக் குடித்தேன்.