சாவி நம்மகிட்ட

பின்தெருத் தையல்காரிக்கு ஒரு விநோதப் பழக்கம் உண்டு. எதிரில் யாராவது பேசினால் அவள் உதடு சத்தமில்லாமல் அசையும். பின்தெருவில் எல்லாரும் பேசுவது தமிழ். முன்தெருவில் வேறு மொழி. தமிழில் காதில் விழுவதையெல்லாம் அந்த மொழியில் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். "என்னடி முணுமுணுக்குற, சாபம் விடுறியா?" என்று கூடப்பிறந்த அக்கா கேட்பாள். "பழகிப்போச்சுக்கா" என்பாள் இவள். அக்கா வீடு மூன்று வாசல் தள்ளித்தான்.

அந்த மொழியை அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. அவள் அம்மா முன்தெருவில் ஒரு டீச்சரம்மா வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். நடை பழகிய வயதிலிருந்து இவளும் கூடவே போய் அந்தச் சமையலறை மூலையில் உட்கார்ந்திருப்பாள். காதில் விழுந்தது நாக்கில் ஒட்டிக்கொண்டது. சும்மா இல்லை, அப்பழுக்கில்லாமல் ஒட்டிக்கொண்டது. திரைச்சீலை தைக்கக் கொடுக்கிற முன்தெருப் பெண்கள் போனில் அவளோடு சரிக்குச் சரியாக, சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள். டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அளவெடுக்கப் போய் வாசலில் நின்றால், அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், போனில் பேசிய ஆள் எங்கே என்று. கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது. அவள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஜன்னலை அளந்துவிட்டு வருவாள்.

இரண்டு தெரு வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவில் இரண்டு தெருவையும் இணைக்கிற ஒரு சந்து. பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, பெரிய ரோடு எல்லாம் முன்தெருப் பக்கம். பின்தெரு வாசல்கள் வாய்க்காலைப் பார்த்தவை. சலவை ஆலைக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் அவசர அவசரமாகக் கட்டிய வீடுகள். உள்ளே வைத்தவர்களுக்கு வெளியே போக வழியும் வேண்டும் என்று எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. ஆகவே சந்துதான் வழி. அக்கா வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அக்கா அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அந்தச் சந்து வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போவாள். வாய்க்கால் கரையில் சக்கரம் உருளாது. ஆளைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

முன்தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. அதையொட்டி வாய்த்தகராறு, பிறகு கைகலப்பு. சந்துக்கு இரும்புக் கேட் போட்டுப் பூட்ட வேண்டும் என்று முன்தெரு கிளம்பியது. பின்தெரு நகராட்சியில் ஆட்சேபம் கொடுத்தது. ஆட்சேபம் இருக்கும்வரை கேட் போட முடியாது. இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நகராட்சி கையைக் கழுவிவிட்டு, அதற்கென்றே படித்த ஒருவரை அனுப்பி வைத்தது.

வெவ்வேறு கூட்டத்தாரைப் பேச வைப்பதுதான் அவர் படிப்பு, பிழைப்பு எல்லாம். அவர் தன்னை அறிமுகம் செய்துகொண்டபோது தையல்காரி 'கூட்டத்தின் நடத்துநர்' என்று மொழிபெயர்த்துவிட்டாள். பேசுகிற நேரம் முடிந்தால் அடிப்பதற்கு அவர் கையில் ஒரு சின்ன மணியும் இருந்தது. பிறகென்ன, அவர் கண்டக்டர் ஆகிவிட்டார். "டிக்கெட் எடுத்தாத்தான் பேச விடுவாரா?" என்று அக்கா வீட்டுக்காரர் கேட்க, பின்தெரு மொத்தமும் சிரித்தது. காரணம் தெரியாமல் கண்டக்டரும் சேர்ந்து சிரித்தார். நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்திருந்தால் பின்தெருக்காரர்கள் கொஞ்சம் உஷாராக இருந்திருப்பார்கள். அவரோ எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார், எல்லார் பெயரையும் கேட்டுச் சட்டையில் ஒட்டினார்.

நகராட்சிக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் மேல் கீழ் கிடையாது என்றார். யாரும் யார் மேலும் குற்றம் சொல்லக் கூடாது. 'நீங்கள் இப்படிச் செய்தீர்கள்' என்பதற்குப் பதில் 'எனக்கு இப்படி வலித்தது' என்று சொல்ல வேண்டும். கேட்க அழகாகத்தான் இருந்தது. வழி கேட்க வந்தவர்கள் வலியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் தொலைத்தவருக்கும் வலி, புருஷனைத் தள்ளிக்கொண்டு போகிறவளுக்கும் வலி. இரண்டுக்கும் மணி ஒரே நேரத்தில் அடித்தது. இதற்குப் பெயர் சமத்துவமாம்.

தையல்காரிக்கு வட்டத்தில் இடமில்லை. அவள் எந்தத் தரப்பும் இல்லை, மொழிபெயர்ப்பாளர். வெளியே ஒரு ஸ்டூல் போட்டார்கள். "நீங்க கண்ணாடி மாதிரி இருக்கணும். நடுவுல ஒரு ஆள் இருக்கிறதே தெரியக் கூடாது. கேள்வி கேக்காதீங்க, விளக்கம் சொல்லாதீங்க" என்றார் கண்டக்டர். தன்னை ஒரு பொருட்டாக மதித்து இவ்வளவு சொல்கிறாரே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

முன்தெரு சார்பில் பேசியது அதே டீச்சரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், குரல் மட்டும் இன்னும் வகுப்பறைக் குரல். கடைசிக் கூட்டத்தில் அவர்தான் ஒரு யோசனை சொன்னார். கேட் இருக்கட்டும், சாவி இன்னாரிடம் இருக்கட்டும், எப்போது திறப்பது என்று இன்னார் பேசி முடிவு செய்யட்டும். அந்த 'இன்னார்' இருக்கிற இடத்தில் அவர் சொன்னது ஒரு சின்னச் சொல். அவர்கள் மொழியில் 'நாங்கள்' என்பதற்கும் 'நாம்' என்பதற்கும் அது ஒன்றுதான். கேட்கிறவரையும் சேர்த்தா, தள்ளியா என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. தமிழில் அந்தச் சௌகரியம் கிடையாது. வாயைத் திறப்பதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

கேட்டுவிடலாமா என்று தையல்காரி நினைத்தாள். கேள்வி கேட்கக் கூடாது என்றார்களே. டீச்சரம்மாவின் கை வட்டத்தைச் சுற்றி ஒரு முறை போய் வந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது. அவள் மனசு எதற்கு ஏங்கியதோ அதுவே காதிலும் விழுந்தது.

"கேட் போட்டுக்கலாம். ஆனா சாவி நம்மகிட்ட இருக்கும். எப்பத் தொறக்கணும், எப்பப் பூட்டணும்னு நாம பேசி முடிவு பண்ணிக்கலாம்."

"நம்மகிட்டன்னா சொன்னாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நம்மகிட்டன்னுதான்கா."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்தெரு அன்றைக்கே ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றது. எல்லாரும் சேர்ந்து நிற்க, கண்டக்டர் தன் போனைத் தையல்காரியிடம் நீட்டிப் படம் எடுக்கச் சொன்னார்.

கேட் வந்தது. முன்தெருவில் வீட்டுக்கு ஒரு சாவி. பின்தெருவுக்கு ஒன்றும் வரவில்லை. தையல்காரி டீச்சரம்மா வீட்டுக்கு ஓடினாள்.

"சாவி எங்ககிட்ட இருக்கும்னுதானே சொன்னேன்?" என்றார் அவர். "நாங்க பேசி முடிவும் பண்ணிட்டோம். காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் தொறந்து வைப்போம். போதாதா?"

அதே சின்னச் சொல்தான். இந்தத் தடவை மொழிபெயர்ப்பில் சந்தேகமே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. அந்தச் சொல்லுக்குள் பின்தெருவும் வரலாம் என்பது அவருக்குக் கனவில்கூடத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். மத்தியான ஆஸ்பத்திரி பற்றிச் சொன்னபோது, அங்கேயே நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமே என்றார். நகராட்சியில் போய் நின்றால், திரும்பப் பெற்ற ஆட்சேபத்தை மறுபடி கொடுக்க முடியாது என்றார்கள்.

பின்தெருவுக்குத் திட்ட ஆள் வேண்டியிருந்தது. முன்தெருவைத் திட்டினால் காதில் விழாது, விழுந்தாலும் புரியாது. தையல்காரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். "அந்த வீட்டுச் சோத்துக்கு விசுவாசம் காட்டிட்டா" என்றார்கள். பள்ளிக்கூடச் சீருடைக்கு அவளிடம் கொடுத்திருந்த துணியைத் தைக்காமலே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

அக்கா வீட்டுக்காரரைப் போர்வையில் கிடத்தி வாய்க்கால் கரை வழியாக ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிப் போனார்கள். சேற்றில் வழுக்கி ஒருமுறை அவரோடு சேர்ந்து விழுந்தார்கள். அடுத்த தடவை தையல்காரி மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிப் போய்ப் போர்வை முனையைப் பிடித்தாள். அக்கா அவள் கையை எடுத்துவிட்டாள்.

"வேணாம். நாங்க பாத்துக்குறோம்."

கூடப்பிறந்தவள் வாயிலிருந்து 'நாங்க'. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கரையிலேயே நின்று, போர்வை கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கண்டக்டர் இன்னொரு கூட்டம் போட்டார். தவறான புரிதலைப் பேசி ஆற்றிக்கொள்வதற்காம். அதே வட்டம், அதே ஸ்டூல். பின்தெருவுக்கு அவளை விட்டால் வேறு வாய் இல்லை, அதனால் அவளையே கூட்டிக்கொண்டு வந்தார்கள். அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை.

டீச்சரம்மா நடந்ததற்கு வருத்தம் சொன்னார். பிறகு, அந்தச் சின்னச் சொல்லைப் போட்டு, எல்லாரும் இந்த இடத்துக்காரர்கள்தானே என்றார். தையல்காரி மொழிபெயர்க்கவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து அவர்கள் மொழியிலேயே கேட்டாள்.

"அம்மா, நீங்க சொல்ற அந்தச் சொல்லுக்குள்ள யார் யார் சேத்தி? பின்தெருவும் உண்டா?"

கண்டக்டர் மணியைத் தொட்டார். டீச்சரம்மா குழம்பிப்போய், "எல்லாரும்தான்" என்றார். "சாவியிலயுமா?" என்றாள். "சாவி வேற விஷயம்."

"அப்ப நான்?"

டீச்சரம்மாவின் முகம் கனிந்துவிட்டது. "உன்னை எப்பவாவது பிரிச்சுப் பாத்திருக்கோமா? நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. இவங்கள மாதிரியா நீ?"

கண்டக்டருக்கே கண் கலங்கியது. இத்தனை கூட்டத்தில் இப்போதுதான் ஒருவர் மனசு திறந்து பேசியிருக்கிறார், இதை அவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார்.

"என்னடி சொல்றாங்க?" என்று அக்கா கேட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு.

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கண்டுபிடிக்க அங்கே ஆள் இல்லை. நேரத்தைக் கூட்டித் தருகிறார்களாம் என்று சொல்லி அக்காவை இன்னும் கொஞ்ச நேரம் தன்னோடு பேச வைத்திருக்கலாம். ஆனால் மனசு விரும்பியதைச் சொல்லித்தான் ஒருமுறை எல்லாரையும் வாய்க்காலில் தள்ளியாயிற்று. சொல்லுக்குச் சொல் சரியாகச் சொன்னாள்.

"எல்லாரும் இந்த இடத்துக்காரங்கதானாம். சாவி மட்டும் வேற விஷயமாம். நான் அவங்க வீட்டுப் பொண்ணு மாதிரியாம். உங்கள மாதிரி இல்லையாம்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சரியாத்தான் சொல்றாங்க."

அவளோடு பின்தெருவும் எழுந்தது. அக்காவைக் காட்டி, அந்த அம்மா என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்று கண்டக்டர் கேட்டார். தையல்காரி அதையும் மாற்றாமல் மொழிபெயர்த்தாள்: "நீங்க சொன்னது சரின்னு சொல்றாங்க."

டீச்சரம்மா நிம்மதியாகச் சிரித்தார். இரு தரப்பும் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறார்கள் என்றார் கண்டக்டர். அதைத் தமிழில் சொல்ல அவள் திரும்பினாள். வட்டத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன.