யார் கைத் தேநீரும் குடிக்காதவர்

மேடையில் லுவோ ஹெங்சிங் அரசருக்காகத் தலையைக் கொடுக்கும் விசுவாசமான மந்திரி. மேடையை விட்டு இறங்கினால், கட்டின மனைவி நீட்டும் கஞ்சியைக்கூட முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்கமாட்டார். தியான்ஜின் நகரமே அவர் குரலுக்காக எங்கள் கொட்டகைக்கு வந்தது. அந்தக் குரலை யாரோ கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் முப்பது வருஷத்துக்கு மேல் நம்பினார்.

இடுப்பில் ஒரு மண் குடுவை எப்போதும் தொங்கும். தேநீரைத் தானே போடுவார், தானே ஊற்றுவார். காட்சி நடுவே தொண்டை வறண்டால் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்று அதிலிருந்துதான் குடிப்பார். கழிப்பறைக்குப் போனாலும் குடுவை கூடவே போகும். நான் இந்தக் கொட்டகையின் கோமாளி, என் பெயர் துங். "கல்யாணமே குடுவைக்கும் உங்களுக்கும்தானே, அண்ணி சாட்சிக்கு வந்தவங்க" என்று நான் சொல்லாத நாள் கிடையாது. அவர் சிரித்ததில்லை.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. எட்டு வயதில் அவருடைய அப்பா அவரை நாடகப் பள்ளியில் கொண்டுவந்து தள்ளினார். நானும் அதே பள்ளி, அதே பிரம்பு, அதே கிழிந்த பாய். பதினைந்தில் குரல் உடைந்தது. விடியற்காலையில் ஏரிக்கரையில் நின்று கத்திக் கத்தி, மூன்று வருஷம் கழித்து அதைத் திரும்ப வரவழைத்தார். அப்போது பள்ளியில் கதாநாயக வேடம் கட்டியவர் எங்களுக்கு மூத்தவர். ஒரு நாள் அவர் பின்கட்டில் யாரோ கொடுத்த தேநீரைக் குடித்தார். மறுநாள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரல் அதன் பிறகு வரவே இல்லை. அவருடைய வேடம் லுவோவுக்குக் கிடைத்தது.

லாபம் யாருக்கோ அவன்தான் தேநீரில் எதையோ கலந்தான் என்று பள்ளி முழுக்கப் பேச்சு. நான் லுவோவுக்குப் பக்கத்தில் படுத்தவன். செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். ஒன்று மட்டும் நிச்சயம். சந்தேகத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர், பிற்பாடு அதை எல்லோருக்கும் வட்டியோடு விநியோகித்தார்.

அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் ஷென் தெஹாய். லுவோவுக்கு பிடில் வாசிப்பவர். இருபது வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு. லுவோ ஒரு வரியை எங்கே இழுப்பார், எங்கே விடுவார் என்பது அவருக்கே தெரியும் முன் ஷென்னின் வில்லுக்குத் தெரிந்துவிடும்.

ஐம்பதைத் தாண்டியதும் லுவோவின் மேல் ஸ்தாயி தேய ஆரம்பித்தது. அது முதலில் தெரிந்ததும் ஷென்னுக்குத்தான். அவர் என்ன செய்தார் தெரியுமா? பிடிலின் பிருடையைத் திருகிச் சுருதியைக் கொஞ்சம் இறக்கினார். சில மாதம் கழித்து இன்னும் கொஞ்சம். அவ்வளவு மெதுவாக இறங்கினதால் பாடுகிறவருக்கே தெரியவில்லை. ஜனங்களிடமிருந்து அதே இடத்தில் அதே "பலே" வந்தது. எங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? அவரோடு சேர்ந்து பாடுகிறவர்கள் நாங்கள். பெண் வேடம் கட்டும் பாய் என்பவரின் குரல், சுருதி இறங்கினதால் அடியில் கிடந்து உருண்டது. முணுமுணுத்துக்கொண்டே பாடினார். ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது என்று ஷென் எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

ரகசியம் இருக்கிற இடத்தில் ஒரு வாடை இருக்கும். அது லுவோவுக்கு எட்டிவிட்டது.

"என்னடா, நான் உள்ள வந்தா எல்லாருக்கும் வாயில கொழுக்கட்டையா?" என்றார் ஒரு நாள்.

"எனக்குப் பசிங்க. மத்தவங்களைப் பத்தித் தெரியாது" என்றேன்.

அவர் சிரிக்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முதலில் வெந்நீர் போடுகிறவனை வேலையை விட்டு அனுப்பினார். அடுத்து மனைவியைச் சமையலறைக்குள் விடாமல் தானே அடுப்பு மூட்டினார். ஒரு மாலை திரைக்குப் பின்னால் நின்றவர் காதில், ஷென் பாயிடம் சொன்னது விழுந்தது. "அவருக்கு மட்டும் தெரியக்கூடாது."

அவ்வளவுதான். திரையைக் கிழிக்காத குறையாக உள்ளே வந்தார்.

"இருபது வருஷம்டா! நீயுமா? யாருக்குடா ஆளா இருக்கே? என் குடுவையில என்ன போட்டே?"

ஷென் பிடிலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் தெருமுனை வரை துரத்திக்கொண்டு ஓடினேன்.

"அட கிறுக்கா, உண்மையைச் சொல்லித் தொலையேன்!"

"சொன்னா, அதுக்கப்புறம் அவர் பாட வாயே திறக்க மாட்டார். என்னைத் திட்டிட்டாவது பாடட்டும், விடு."

இப்படி ஒரு முட்டாள் விசுவாசத்தை நான் நாடகத்தில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் ஒரே மூட்டையில் கட்டி ஆற்றில் போட்டிருப்பேன்.

விளக்குத் திருவிழாவன்று பகல் ஆட்டம். ஷென்னுக்குப் பதிலாகப் பெய்பிங் நகரத்திலிருந்து புதிய பிடில்காரர் வந்திருந்தார். நான் அவர் காதில் விஷயத்தைப் போடலாம் என்று நெருங்கினேன். லுவோ கண்ணில் பட்டுவிட்டது. வந்து பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"என் பழைய சுருதி. முழுசா வை. என் கண் எதிர்லயே வை" என்றார் அந்தப் பிடில்காரரிடம்.

எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. கோமாளி தன் மூக்கில் வெள்ளையைத் தீற்றிக்கொள்ளாமல் எங்கள் தொழிலில் வேறு எவரும் முகத்தில் வண்ணம் தொடக்கூடாது. அரசர் வேடமானாலும் காத்திருக்கத்தான் வேண்டும். ஷென்னை அழைத்துவர ஆளை ஓட்டிவிட்டு, உடைப் பெட்டி மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். தூரிகை கையில், வெள்ளை எதிரே. நான் அசையவில்லை. வெளியே ஜனங்கள் பூசணி விதையைத் துப்பித் துப்பிச் சலித்து, பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

"துங், என்ன உட்கார்ந்திருக்கே?" என்றது லுவோவின் குரல்.

"மூக்கு இன்னும் தூங்குதுங்க. எழுந்திருக்கட்டும்."

லுவோ என் எதிரே வந்து நின்றார். "நீயும் அவங்க கூட்டா?"

"ஐயா, ஷென்னைக் கூப்பிடுங்க. ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. வெள்ளைக் கிண்ணத்தில் விரலை விட்டு என் மூக்கின் மேல் தானே அழுத்தித் தேய்த்தார். "ஆச்சு! எல்லாரும் முகம் எழுதுங்க!" என்றார். இத்தனை வருஷத்தில் எவரும் செய்யாத காரியம் அது. பாய் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே போட்டார்.

மேடையில் முதல் பாட்டு எப்படியோ போனது. இரண்டாவதில், மந்திரி அரசரிடம் உயிர்ப்பிச்சை கேட்கும் இடத்தில், மேலே ஏற வேண்டும். ஏறினார். பாதியில் குரல் கிழிந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன் "பலே...ஏ...ஏ!" என்று இழுத்தான். தியான்ஜின்காரன் அப்படி இழுத்தால் காறித் துப்பினதாக அர்த்தம். உடனே கொட்டகை முழுக்க இழுத்தது.

லுவோ பிடில்காரரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த பிடிலின் தந்தியைப் பார்த்தார். பிறகு மேடை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீதியை அடித் தொண்டையில் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

தாடியைக் கழற்றாமலே கேட்டார். "எவ்வளவு இறக்கியிருந்தான்?"

"ஒரு கட்டைக்கு மேல."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

"அப்போ இத்தனை நாள் 'பலே' சொன்னாங்களே, அது?"

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு, பிருடைக்கா?"

குடுவையைத் திறந்து உள்ளே பார்த்தார். "இதுல யாரும் ஒண்ணும் போடலையா?"

"யாரும் போடலைங்க. வயசு."

குடுவையை மூடினார். "யாராவது போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், துங்" என்றார். என் கண் கலங்கிவிட்டது. மூக்கு வெள்ளை வழிந்து உதட்டில் கரித்தது.

நான் அனுப்பின ஆள் ஷென்னின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் அவர் வரவில்லையாம். நானும் லுவோவும்தான் அவர் வீட்டுக்குப் போனோம். ஷென் எழுந்து நாற்காலி போட்டார். அவர் மனைவி மூன்று கோப்பையில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். லுவோவின் கை இடுப்புக் குடுவைக்குப் போனது. அதை அவிழ்த்துத் தரையில் வைத்தார். கோப்பையை எடுத்தார். பழக்க தோஷம், மூக்கு அதன் மேல் குனிந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டு, ஒரே மடக்காகக் குடித்தார். நாக்கு பொத்துப்போயிருக்கும்.

ஷென் பிடிலை எடுத்து, அவர் கண் எதிரே பிருடையைத் திருகி இறக்கினார். ஒரு தரம் வில்லை இழுத்துக் காட்டினார்.

"இது சரியா இருக்குமா, ஐயா?"

லுவோ அன்று கிழிந்த அதே வரியை மெல்லப் பாடிப் பார்த்தார். பிறகு காலிக் கோப்பையை ஷென்னின் மனைவி பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இறக்குடா" என்றார்.