ஆம்பளைக்குக் கயிறு கட்டுவதில்லை

அந்தப் பெண்ணை நினைத்தாலே முதலில் ஞாபகம் வருவது அவள் கையில் இருந்த கயிறுகள்தான். படவேட்டுக் கோயிலில் கட்டியது, மலையில் பூசாரி மந்திரித்துக் கொடுத்தது என்று கறுப்பும் சிவப்புமாக முழங்கைவரை ஏறியிருந்தன. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் கையில் பேருக்கு ஒன்றுகூட இல்லை. ஜவ்வாது மலையில் சமூகப் பணியாளராக இத்தனை காலம் சுற்றியும், பிள்ளை இல்லையென்று ஆம்பளைக்குக் கயிறு கட்டி நான் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரிச் சோதனையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தனியாகக் கேட்டபோது, "அவரு என்னைத் தொட்டதே இல்லீங்க மேடம்" என்றாள். பிறகு அவனிடம் தனியாகப் பேசினேன். "எனக்குப் பொம்பளைங்க மேல மனசே போவாதுங்க. சின்ன வயசிலேர்ந்தே அப்டித்தான்" என்றான். அது நோயில்லை, தப்புமில்லை என்றேன். அழுதுவிட்டான். அவளை விட்டுவிடு, வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "இன்னா காரணம் சொல்லி வுடுறதுங்க?" என்று கேட்டான். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அவள் கேட்டதோ இவ்வளவுதான்: "எம் மேல குத்தமில்லன்னு ஊர்ல ஒரு வார்த்த சொல்லுங்க மேடம்." ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். "அப்ப குத்தம் ஆம்பளை மேலயாம்மா?" என்றார் ஊர்ப் பெரியவர். கூட்டம் சிரித்தது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னால் அவன் அந்த மலையில் உயிரோடு நடமாட முடியாது. சொல்லாவிட்டால் அவள் மலடி. பயிற்சி வகுப்புகளில் பாலுணர்வைப் பற்றி எவ்வளவோ பேசினார்கள். இப்படி ஒரு கூட்டத்தில் நிற்கும்போது என்ன செய்வதென்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை. அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவனுக்கு வேறு பெண் பார்ப்பதென்று முடிவானது. அதற்கும் தலையாட்டினான் பாவி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவனை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

மலடி என்று பெயர் வாங்கியவளை இன்றுவரை யாரும் பெண் கேட்டு வரவில்லை. புளி உலுக்கக் கூலிக்குப் போகிறாள். வழியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

போன வாரம் அவனுடைய இரண்டாவது மனைவி என்னைத் தேடி வந்தாள். என்ன விஷயம் என்று கேட்டேன். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அவரு ரொம்ப நல்லவருங்க மேடம். குடிக்கமாட்டாரு, ஒரு வார்த்த திட்டமாட்டாரு. எங்கிட்டதான் இன்னாவோ சரியில்ல போல."