பத்து லட்சத்து ஒன்றைப் பிரிக்க முடியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை துடியலூரில் ஒரு நிச்சயதார்த்தம். பெண், என் நண்பர் மகள் கீர்த்தனா — ஸ்கூலில் கணக்கு டீச்சர். போனோமா, சாப்பிட்டோமா, வந்தோமா என்று இருக்கலாம் என்றுதான் கிளம்பினேன். நடந்ததோ... அப்பப்பா, இன்னும் படபடப்பு அடங்கவில்லை!

மேடையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களுக்குக் கீழே மஞ்சள் செவ்வந்தியில் பெரிதாக ஒரு நம்பர். 10,00,001.

“இது என்னங்க, லாட்டரி நம்பரா?” என்று மாப்பிள்ளையின் அம்மா சாந்தாமணியிடம் கேட்டேன்.

“பத்துப் பொருத்தமும் இருக்குதுங்க. லட்சத்துல ஒரு ஜோடி. அதான் பத்து லட்சம்! கூட ஒன்னு சேர்த்துப்போட்டேனுங்க. இனி யாரும் பிரிக்க முடியாதல்லங்க!”

நம் பக்கத்து வழக்கம்தான் தெரியுமே? நல்ல காரியத்தில் எந்த எண்ணும் பூஜ்யத்தில் முடியக் கூடாது. ஒன்றைச் சேர்த்துவிட்டால் எண்ணும் பிரியாது, ஜோடியும் பிரியாது. நானும் இத்தனை வயது வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்து உப்புச் சர்க்கரை மாற்ற வேண்டும். அது கை மாறினால்தான் எங்கள் ஊரில் சம்பந்தம் உறுதி. தட்டைக் கையில் எடுத்த சாந்தாமணி, பெருமை தாங்காமல் பெண்ணிடம் கேட்டார்: “ஏன் கண்ணு, நீதான் கணக்கு டீச்சராச்சே. இது எதுலயாச்சும் வகுபடுமா, சொல்லு பார்க்கலாம்?”

சும்மா சிரித்து வைத்திருக்கலாம் இல்லையா? ஊஹூம்!

“வகுபடுமுங்க அத்தை. நூத்தி ஒன்னால.”

நான் அவசரமாக மொபைலில் தட்டினேன். 9,901 என்று வந்தது — மீதியே இல்லை! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவும் போயும் போயும் நூற்றி ஒன்றாலா? கல்யாணத்துக்குக் கல்யாணம் நாம் கவரில் வைக்கிற அதே நூற்றி ஒன்றாலா?

சாந்தாமணி முகம் வெளுத்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டார். “அப்பப் பிரிஞ்சுபோகுதா அம்மணி?”

மாப்பிள்ளை கௌதம் அம்மாவையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்குக் கோபமான கோபம் — இவளை இப்போது யார் உண்மை பேசச் சொன்னது?

கீர்த்தனா அசரவில்லை. “ரெண்டாத்தானுங்க அத்தை பிரியும். நூத்தி ஒன்னு, ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்தி ஒன்னு. அதுக்கு மேல அந்த ரெண்டையும் எந்தக் கொம்பனும் பிரிக்க முடியாதுங்க. ஒன்னாம் நம்பரை விட்டுட்டா, வேற எந்த ரெண்டு முழு எண்ணைப் பெருக்கினாலும் இது வராதுங்க. லட்சத்துல ஒரு ஜோடி இல்லீங்க... இருக்கறதே இந்த ஒரு ஜோடிதான்!”

என்னது! நம்ப முடியாமல் 9,901-ஐ ஏழால் வகுத்தேன், பதின்மூன்றால் வகுத்தேன். ம்ஹூம், மசியவில்லை.

சாந்தாமணி தட்டை மறுபடி கையில் எடுத்தார்.

“அதெல்லாஞ் சரி கண்ணு. அந்த ஒம்பதாயிரத்துச் சொச்சம் யாரு, வெறும் நூத்தி ஒன்னு யாரு? எம் பையனா, நீயா?”

கௌதம் முந்திக்கொண்டான். “நாந்தானுங்கம்மா நூத்தி ஒன்னு!”

தட்டு கை மாறியது. பையன் பிழைத்துக்கொள்வான்.