பச்சையப்பன் வைத்த பரீட்சை

உறுவையாற்றில் பச்சையப்பன் வீடு எது என்று கேட்டால், எந்தப் பச்சையப்பன், சந்தேகக்காரரா என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். மூன்று ஏக்கர் கரும்பு, ஒன்றரை ஏக்கர் நெல், வயது ஐம்பத்தெட்டு. கரும்பு லாரி எடை மேடையில் ஏறினால் டிரைவர் இறங்கிவிட்டாரா என்று கேபினுக்குள் எட்டிப் பார்ப்பார். மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பார். யாராவது கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால்கூட, எதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே வைக்கிறார்கள் என்று யோசிப்பார். எனக்கு அவர் மாமா முறை. நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்து பதினாறு வருஷம், ஆஷா பணியாளராகி ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஒன்பது வருஷத்தில் என்னிடம் கேள்வி கேட்காமல் அவர் ஒரு இரும்புச்சத்து மாத்திரையைக்கூட வீட்டுக்குள் விட்டதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அவருடைய சந்தேகம் சில நேரம் பலித்தும் இருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு உரக் கம்பெனியிலிருந்து வேன் போட்டுக்கொண்டு வந்தார்கள். மண்ணைக் கொடுங்கள், இலவசமாகச் சோதித்து என்ன உரம் போடலாம் என்று சொல்கிறோம் என்றார்கள். ஊரே மண்ணை அள்ளிக்கொண்டு ஓடியது. மாமா ஒரே வயலில், ஒரே குழியில் எடுத்த மண்ணை இரண்டு பைகளில் போட்டு, ஒன்றைத் தன் பெயரிலும் இன்னொன்றை மச்சான் பெயரிலும் கொடுத்தார். ஒரு சீட்டில் துத்தநாகம் பற்றாது என்று வந்தது, இன்னொன்றில் சாம்பல் சத்து பற்றாது என்று வந்தது. இரண்டையும் வேனின் முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த வேன் அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து ஊரில் பாதிப் பேர் எதில் கையெழுத்துப் போடுவதென்றாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள்.

போன ஆடி மாதம் சுகாதார நிலையத்தில் என்னிடம் அறுபது குழாய்கள் கொடுத்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவருடைய முகம்தான். விரல் நீளக் குழாய், உள்ளே கொஞ்சம் தண்ணீர், மூடியோடு சேர்ந்த ஒரு குச்சி. ஐம்பது வயது தாண்டியவர்கள் காலையில் மலம் கழித்ததும் அந்தக் குச்சியால் கொஞ்சம் சுரண்டி, குழாய்க்குள் செருகி மூடிக் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் கலந்திருந்தால் தெரிந்துவிடும். பெருங்குடலில் புற்றுநோய் தலையெடுக்கும்போதே பிடித்துவிடலாம் என்பதற்காக இந்த ஏற்பாடு.

இதை ஊரில் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. மாரியம்மன் கோயில் பக்கத்துக் கூடத்தில் நாற்பது பேரை உட்கார வைத்து, சப்பாத்தி மாவை உருட்டி வைத்துக் குச்சியால் குத்திக் காட்டினேன். நாலு இடத்தில் குத்தி எடுங்கள், ஒரே இடத்தில் எடுக்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். ஆண்கள் பாதியிலேயே டீ குடிக்க எழுந்து போனார்கள். பெயரும் வயதும் எழுதிக் கொடுத்தால் யாராவது செய்வினை வைத்துவிடுவார்கள் என்று ஒருத்தி பயந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் குடலை அறுத்துவிட்டு இன்சூரன்ஸ் அட்டையில் பணம் எடுத்துக்கொள்வார்கள் என்று இன்னொருவர் சொன்னார். மாமா எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டு, ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா ஆதிலட்சுமி, ஊரு பீயயெல்லாம் வாரிக்கினு போயி இன்னா பண்ணப் போறாங்க?" என்றார்.

"சோதன பண்ணுவாங்க மாமா."

"சும்மாவா? எவன் இந்தக் காலத்துல சும்மா பண்றான்? ஆளுக்கு இவ்ளோன்னு உனக்கு எதுனா வருதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெயிலில் தெருத் தெருவாக அலைகிறவளுக்குத்தான் அந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்று தெரியும். ஆனாலும் மாமா வாங்கினால்தான் மேலத்தெரு முழுக்க வாங்கும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன். மாமாவின் மனைவி தையலம்மாள் அத்தை மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு ஐம்பத்துமூன்று வயது. அதிகம் பேசாதவர். பேசுவதற்கு வீட்டில் இடமும் இல்லை, எல்லாவற்றையும் மாமாவே பேசிவிடுவார். படிவத்தில் இருந்த கேள்விகளை இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்க வைத்தே கேட்டேன். வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறதா, எடை குறைந்திருக்கிறதா, வயிற்றுவலி உண்டா. மாமா எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். அத்தையும் இல்லை என்றார். ஆளுக்கொரு குழாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மாமா என்னைத் தேடி வந்து, ஒன்று கீழே விழுந்து உடைந்துவிட்டது, இன்னொன்று கொடு என்றார். அந்தக் குழாய் அவ்வளவு சுலபத்தில் உடையாது. எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. என்ன கேட்டாலும் எதிர்க்கேள்வி வரும் என்று பேசாமல் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து பச்சையப்பன் என்று ஒன்று, தையலம்மாள் என்று ஒன்று, இரண்டு குழாய்களையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். பெயர்களைக்கூட அவர் கையாலேயே எழுதியிருந்தார். பார்த்தீர்களா, சந்தேகக்காரரே கொடுத்துவிட்டார் என்று அன்றைக்கே மேலத்தெருவில் இருபது வீடுகளுக்கு ஏறி இறங்கினேன். என் சந்தோஷத்தில் அந்த மூன்றாவது குழாயை மறந்தே போனேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. மாமாவுக்கு ஒன்றுமில்லை. அத்தையின் சீட்டில் ரத்தம் இருப்பதாக வந்திருந்தது. இந்த மாதிரி விஷயத்தைப் போனில் சொல்லக்கூடாது என்று நேரில் போனேன். மாமா கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார். அத்தையை உட்கார வைத்து மெதுவாகச் சொன்னேன்.

"அத்த, ரத்தம் இருக்குதுன்னா புத்துநோய்னு அர்த்தம் இல்ல. மூலமாக்கூட இருக்கும். உள்ள கேமரா வுட்டு ஒருவாட்டி பாத்துட்டா தெரிஞ்சிடும்."

அழுவார், பயப்படுவார், யாருக்கும் சொல்லாதே என்பார் என்றெல்லாம் தயாராகத்தான் போயிருந்தேன். அத்தை அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

"திங்கக்கெழம."

"வரேன். அவருக்கு?"

"மாமாவுக்கு ஒண்ணும் இல்ல."

"போதும்" என்றார். இரண்டு சீட்டுகளையும் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். இந்தப் பொம்பளைக்கு நான் சொன்னது புரிந்ததா இல்லையா என்று குழம்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் துணை சுகாதார நிலையத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமா இரண்டு சீட்டுகளையும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்த ரெண்டு குழாய்லயும் இருந்தது என்னுதுதான். ஒரே ஆளு, ஒரே காலைல எடுத்தது. ஒண்ண எம்பேர்ல குட்த்தேன், ஒண்ண அவ பேர்ல குட்த்தேன். எம்பேர்ல ரத்தம் இல்லியாம். அவ பேர்ல இருக்குதாம். இன்னாம்மா சோதன இது?"

உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கையில் வைத்திருந்த குழாயை மெல்ல மேசைமேல் வைத்தாள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்கே ஒரு நிமிஷம் ஆட்டம் கண்டுவிட்டது. இத்தனை வீட்டில் ஏறி இறங்கியது ஒரு புளுகுக்காகவா என்று தோன்றியது. அடுத்த நிமிஷம் அத்தையின் ஞாபகம் வந்தது, கோபமும் சேர்ந்து வந்தது.

"அத்த நேத்துலேர்ந்து தனக்குத்தான்னு நெனச்சிக்கினு இருக்காங்க மாமா. உங்களுக்கு வெளையாட்டா இருக்குதா?"

"போயி சொல்லிக்கறேன். நீ இதுக்கு பதில் சொல்லு."

"எங்க குத்துனீங்க?"

"இன்னாது?"

"குச்சிய எத்தினி எடத்துல குத்துனீங்க?"

"ஒண்ண இந்தக் கோடி, ஒண்ண அந்தக் கோடி. எதுக்கு?"

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் மாவை உருட்டிக் காட்டியபோது அவர் குழாயின் தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நெல்லு மூட்ட எறக்கும்போது யாவாரி குத்தூசிய ஒரே எடத்துலயா குத்தறான்?"

"நாலு பக்கமும் குத்துவான்."

"மூணு பக்கம் காஞ்ச நெல்லு வந்து, ஒரு பக்கம் ஈர நெல்லு வந்தா?"

அவர் தூக்கிப் பிடித்திருந்த சீட்டுகளைக் கீழே இறக்கினார். ஒரு பக்கம் ஈரம் வந்தாலே அந்த மூட்டை ஈர மூட்டைதான். இதற்காக வியாபாரியோடு வருஷா வருஷம் சண்டை போடுகிறவருக்கு நான் மேலே எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரத்தம் எல்லா எடத்துலயும் ஒண்ணாவா கலந்திருக்கும்? அது இல்லாத எடத்துல குத்துனா இல்லன்னுதான் வரும். இருக்கற எடத்துல குத்தினீங்க, இருக்குதுன்னு வந்திருக்குது."

"எனக்கு ஒரு நோவும் இல்லியேம்மா" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை.

"நோவு வர்றதுக்கு முன்னாடி கண்டுபுடிக்கத்தான் மாமா இது."

சீட்டுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வா, தையலம்மாகிட்ட நீயே சொல்லு என்றார். அவரோடு நடந்தேன். வழியில் இரண்டு பேர் கூப்பிட்டார்கள், அவர் திரும்பவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அத்தைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லப் போகிறோம் என்ற நிம்மதியும் எனக்கு இருந்தது.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வாயெடுப்பதற்குள் மாமாவே சொல்லிவிட்டார்.

"தையலு, அந்தச் சீட்டு உன்னுது இல்ல. என்னுது. ரெண்டுமே என்னுதுதான். ஏமாத்தறாங்களான்னு பாக்க உம்பேர எளுதிக் குட்த்தேன்."

அத்தையின் கை நின்றது. "அப்ப நான் குட்த்தது எங்க?"

"அதக் கரும்பு கொல்லையில தூக்கிப் போட்டுட்டேன். அத வுடு, இப்ப உனக்கு ஒண்ணும் இல்ல."

அத்தை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எனக்குச் சித்திரையிலேர்ந்து ரத்தம் போவுது ஆதிலட்சுமி."

"நான் கேட்டனே அத்த? இல்லன்னு சொன்னீங்களே?"

"அவர பக்கத்துல நிக்க வெச்சிக்கினு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

ஒன்பது வருஷ அனுபவம் என்று பெருமை பேசுகிற எனக்கு இந்தச் சின்ன விஷயம்கூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?" என்றார் மாமா.

"சொன்னா? இன்னா தின்ன, எங்க போன, மொதல்ல யார்கிட்ட சொன்ன, நெஜமாத்தான் சொல்றியான்னு ஆயிரம் கேப்பீங்க. போன வருசம் முட்டி வலின்னதுக்கு, வேல செய்ய வலிக்குதான்னு கேட்டீங்களே. என் வாயால சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அந்தக் குழாயாவது எனக்காகச் சொல்லட்டும்னுதான் குட்த்தேன். சொல்லிட்டுதுன்னு நேத்து நிம்மதியா தூங்கினேன்."

மாமா கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். லாரியையும் மருந்துக் கடையையும் கம்பெனி வேனையும் துருவித் துருவிப் பார்த்த மனிதருக்கு, நான்கு மாதமாகப் பக்கத்தில் ஒருத்தி இளைத்துக்கொண்டு போனது கண்ணில் படவில்லை. எனக்கும் படவில்லை. எங்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"இன்னொரு குழாய் வெச்சிருக்கியாம்மா?" என்று அத்தை கேட்டார்.

"உங்களுக்குக் குழாய் வேணாம் அத்த. ரத்தம் கண்ணால பாத்துட்டீங்க, நேரா டாக்டர்கிட்டதான் போவணும். திங்கக்கெழம வரைக்கும்கூட வேணாம், நாளைக்கே போவலாம். மாமாவும் வரட்டும், அவருக்கும் பாத்துடலாம்."

பையிலிருந்து பரிந்துரைச் சீட்டுகளை எடுத்து எழுதினேன். இரண்டிலும் அவரவர் பெயரை நானே எழுதினேன். மாமா உட்கார்ந்தபடியே பழக்கத்தில் கையை நீட்டினார்.

"குடும்மா, ரெண்டயும் நான் பத்திரமா வெச்சிக்கறேன்."

அத்தை கீரைக்கட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, என் கையிலிருந்து தன் சீட்டை வாங்கிக்கொண்டார்.

"என்னுத இனிமே அவரு கையில குடுக்காதம்மா" என்றார்.