மந்திரியின் கால்கள்

இராஜபாளையத்தில் புதிதாகத் திறந்த காபிக் கடைச் சுவரில், பழைய நையாண்டிப் பத்திரிகைப் படங்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்றில் ஊரையே விழுங்கும் தொந்தி மந்திரியைக் கண்டதும் எனக்கு அந்துருண்டை வாசம் அடித்தது.

போலீஸ்காரரான அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் சீருடை வைக்கும் டிரங்குப் பெட்டியின் மூடிக்குள் அதே படத்தை ஒட்டியிருந்தார். தினமும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் சட்டையை எடுப்பார்.

ஒருநாள் டூட்டி முடிந்து வந்தவர், அதை நகத்தால் சுரண்டினார்.

"நீங்க ஒட்டுன படந்தான, ஏன் சுரண்டுதிய?" என்றாள் அம்மா.

"இந்தப் பத்திரிகைய வித்தான்னு கடைக்காரன அடிக்கச் சொன்னாவ. அடிச்சேன். எனக்கு இந்தப் படத்தக் குடுத்தவனே அவன்தான்ட்டி."

பசை முழுதாக விடவில்லை; மந்திரியின் கால்கள் மட்டும் மிஞ்சின. அப்பா அந்தப் பெட்டியை அப்புறம் திறக்கவேயில்லை. சீருடை கொடியில்தான் தொங்கியது.