கரையான் புற்றும் ராமாமணியின் வெள்ளிக்கிழமைகளும்

ஹரிதாவின் வளைகாப்புக் கூட்டத்தில் ராமாமணி மட்டும் சீர்த்தட்டுகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். பிள்ளை பெறாதவள் வளையல் போடக்கூடாது என்று ஹரிதாவின் மாமியார் முதல் நாளே ஃபோனில் சொல்லியிருந்தார். ஹரிதா ராமாமணியின் அண்ணன் மகள். அண்ணி மில்லுக்கு ஷிப்ட் போன வருஷங்களில் குளிப்பாட்டிச் சோறூட்டி, சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவள் இந்த அத்தைதான். அந்தப் பெண்ணின் கையில் ஒரு கண்ணாடி வளையல் போட்டுவிட வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

பெண்கள் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் அவள் உதவியாளர். அட்டை, மண்புழு, தேள், நண்டு என முதுகெலும்பில்லாத உயிர்கள் எல்லாம் குப்பிகளில் அவள் பொறுப்பில் இருந்தன. கரையானுக்கு மட்டும் நாலு குப்பி: ராணி, ராஜா, சிப்பாய், வேலையாள். பன்னிரண்டு வருஷம் அவற்றைப் பரீட்சைக்கு எடுத்து வைத்தவள், அதே பன்னிரண்டு வருஷமும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒண்டிப்புதூர் பக்கம் ஒரு புற்றில் பிள்ளை வரம் கேட்டுப் பாம்புக்குப் பால் ஊற்றினாள். பிள்ளை இல்லையே என்ற பயம் அவளாகத் தேடிக்கொண்டது இல்லை. ஊரே கூடி ஊட்டிவிட்டது.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, பால் ஊறி ஊறிப் புற்றின் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. பாம்பு இல்லை. வெளுத்த சின்னஞ்சிறு கரையான்கள் மண்ணைக் கவ்விவந்து ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தன. நாலாம் குப்பியின் வேலையாள். முட்டையிடுவது ராணி மட்டும். கூடு கட்டுவதும் குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் பிள்ளை பெறாத இந்தக் கூட்டம். ராமாமணி வெகுநேரம் குந்தியிருந்தாள். பிறகு பாலை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் காபி போட்டுக் குடித்தாள்.

"ஏனுங்க அத்தை, அங்க எதுக்கு நிக்கறீங்க? வாங்க," என்று வளைகாப்பு மணையிலிருந்து கூப்பிட்டாள் ஹரிதா.

மாமியார் குறுக்கே வந்தார். "அவங்க சந்தனத்தட்டை எடுத்துக் குடுத்தாப் போதும் கண்ணு. பிள்ளை பெத்தவங்க போடட்டும்."

"தட்டெல்லாம் குடுத்துப்போட்டேனுங்க," என்றாள் ராமாமணி. "இவளை வளத்தறப்ப என்னைய யாரும் தள்ளி நில்லுன்னு சொல்லலீங்க. கரையான் புத்துல முட்டை போடறது ஒண்ணே ஒண்ணுதானுங்க. புத்தைக் கட்டுனதெல்லாம் என்னாட்டந்தான்."

"நல்ல நாள்ல கரையான் பேச்சு," என்று முணுமுணுத்தார் மாமியார். ஹரிதா அதற்குள் கையை அத்தை பக்கம் நீட்டிவிட்டாள். நீட்டிய கையை அவள் மடக்குவதாக இல்லை. மாமியார் நகர்ந்து வழிவிட்டார்.

மாசமாயிருந்ததில் ஹரிதாவின் கை வீங்கியிருந்தது. வளையல் பாதியில் சிக்கியது. ராமாமணி விரல்களைக் குவித்துப் பிடித்து மெல்லத் தள்ளினாள்.

"வலிக்குதா அம்மணி?"

"இல்லீங்க அத்தை. இன்னொண்ணு போடுங்க."